கபோ சந்தையில் ஒரு ரஷ்யச் சட்டி

சோவியத் உடைந்தபின் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்துசேர்ந்த ரஷ்யர் ஒருவர், கபோ சந்தையில் பழைய சாமான்களைத் தரையில் பரப்பியிருக்கிறார். கனத்த இரும்புச் சட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருக்கிறேன். மறுபக்கத்தைப் பிடித்திருப்பவர், வெறும் காய்கறிப் பையோடு வந்த யாழ்ப்பாணத்து அக்கா. இருவருமே விடுவதாக இல்லை.

நான் சரித்திரத்தை எடுத்துவிடுகிறேன். “ரஷ்யாவில் பெரிய இரும்பு உலைகளை முதலில் அமைத்தவர், தானியம் வாங்கப் போன ஒரு டச்சு வியாபாரி, தெரியுமா?”

“ஒல்லாந்தனோ? எங்கடை ஊரிலை கோட்டை கட்டின ஆக்கள் எல்லோ! தானியம் வாங்கப் போனவனுக்கு இரும்பிலை என்ன அலுவல்?”

கேள்வி பிடித்துப்போகிறது. ஆற்று நீரில் சக்கரம் சுழன்று துருத்தி ஊதிய விதத்தை இரண்டு கைகளாலும் விளக்குகிறேன். முடிப்பதற்குள் சட்டி அக்காவின் பைக்குள் போய்விட்டது.

“நானும் கத்தரிக்காய் வாங்கத்தான் வந்தனான், தம்பி. அந்த ஒல்லாந்தனுக்கும் இப்பிடித்தான் இரும்பு அம்பிட்டிருக்கும்.”