டயர் கடை மாடியில் மூன்று நாடகங்கள்

எங்கள் ஊர் நாடகக் குழுவில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, திரைக்குப் பின்னால் நின்று வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. அப்போதும் இப்போதும் நான் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைப் பதிகிறேன். குழுவில் ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான், வேலை முடிந்து வருகிறவர்கள். தலைவர் கல்யாணங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் தொழில் நடத்தினார். நன்றாக நடிக்கக்கூடியவர் ஒருவர், நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர். என்னைவிடச் சில வயது இளையவர். என்னை அக்கா என்பார். நானும் அவரைத் தம்பி என்றே கூப்பிட்டேன்.

தீபாவளி கழிந்ததும் நகர மண்டபத்தில் ஒரு பெரிய நாடகம் போடுவோம். ஆண் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு மாமியாராக வருவார். நடுவில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் உண்டு. இடைவேளையில் குலுக்கல் நடத்தி ரைஸ் குக்கர் கொடுப்பார்கள். கூட்டம் அள்ளும். எனக்கு அதில் வெறுப்பு எதுவும் இல்லை. நகைச்சுவை வசனங்களில் பாதியை நானே எழுதியிருக்கிறேன்.

ஒரு வருடம் பழுதுபார்ப்பதற்காக மண்டபத்தை மூடிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. இந்த வருடம் ஒன்றும் வேண்டாம் என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பிதான் பேசினார்.

"ஹால் இல்லன்னா என்ன தலைவரே? நாம பழகுற ரூம்லயே போடலாம். சின்னச் சின்ன நாடகமா. மூனு மாசத்துக்கு மூனு. செட்டு வேணாம், டான்ஸ் வேணாம்."

"டான்ஸ் இல்லாம யாருலா வருவா?"

"வர்றவங்க வரட்டும். எத்தன வருஷத்துக்குத்தான் மாமியார் சேலைய அவுத்துக்கிட்டே இருக்கறது?"

தலைவர் சிரித்துவிட்டார். மண்டபம் திறக்கும்வரை எங்கள் இஷ்டத்துக்கு விளையாடிக்கொள்ளச் சொன்னார். விளையாட்டு என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அனுமதி அனுமதிதான்.

நாங்கள் ஒத்திகை பார்த்துப் பழகிய அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாடை படியேறி வந்து நாற்காலிகளில்கூட ஒட்டியிருக்கும். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். கடையில் சக்கரம் கழற்றும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தொடங்க முடியும்.

முதல் நாடகத்தில் இரண்டே பேர். எல்லை தாண்டி வேலைக்குப் போய் வரும் கணவன், அவன் வரும்போது தூங்கிப்போயிருக்கும் மனைவி. தம்பியே எழுதி நடித்தார். மனைவியாக நடித்தவர் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை; மேடையில் குரல் எழும்பாது என்று பெரிய நாடகங்களில் அவரைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்திவைத்திருந்தோம். அந்தச் சின்ன அறையில் அவர் முணுமுணுத்ததுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டது. முதல் நாள் பாதி நாற்காலிகள் காலி. இரண்டு மூன்று பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். இருந்தவர்கள் நாடகம் முடிந்தும் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அறையின் மூலையில் நின்று அதைப் பார்த்தேன். இத்தனை வருடங்கள் எதைத் தவறவிட்டுக்கொண்டிருந்தோம் என்று அன்று எனக்குப் புரிந்தது.

இரண்டாவது நாடகத்தில் பார்க்க வந்தவர்களையே தோட்டத்து லயத்துக் குடும்பங்களாக வைத்தோம். அதிகாரியாகத் தம்பி உள்ளே வந்து எல்லாரையும் வீட்டைக் காலிசெய்யச் சொல்வார். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர் எழுந்து, "நாங்க எங்கயும் போமாட்டோம், போய் சொல்லு ஒங்க தொரைகிட்ட" என்றார். அதற்குப் பதில் எங்கள் வசனத்தில் இல்லை. தம்பி அவரோடு நெடுநேரம் வாதாடி, கடைசியில் தோற்றுப்போய் வெளியே நடந்தார். அறையே எழுந்து நின்றது. அன்று தம்பியின் கண்ணில் தண்ணீர் இருந்தது. பொய்க் கண்ணீர் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

மூன்றாவது என்னுடையது.

என் அப்பா செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். பிறகு ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார். குடிப்பார். குடித்தால் அம்மாவை அடிப்பார். குடிக்காத நாள்களில் குடிக்க முடியவில்லையே என்று அடிப்பார். அவர் இறந்த அன்று, எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அத்தைமார் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அப்போதும் அழவில்லை. அழுதுவிடு, அழுதால்தான் அவர் ஆத்மா நிம்மதியாகப் போகும் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாராச்சும் எனக்கு ஒரு தே-ஓ போட்டுக் குடுங்க" என்றார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒரு கோப்பையில் பாலில்லாத தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைச் சொட்டு விடாமல் குடித்தார்.

இதுதான் நாடகம். வேறெதையும் நான் சேர்க்கவில்லை. பிணத்துக்குப் பதில் தரையில் ஒரு வெள்ளைத் துணி. பாலர் பள்ளி ஆசிரியை மனைவி. உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அவரை அழச் சொல்வார்கள். கடைசியில் அவர் தே-ஓ குடிப்பார். விளக்கை அணைக்க மாட்டோம். அவர் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிஜமான சூடான தே-ஓ. அவர் விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

அம்மாவை வரச்சொல்லிக் கேட்டேன். அவருக்கு முட்டிவலி, அந்தப் படி செங்குத்தானது. கதையைச் சொன்னபோது, "அதுல என்னம்மா இருக்கு எழுதறதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் முடிந்ததும் எனக்குத் தெரியாத ஒரு பெண் என்னிடம் வந்து, "எங்கம்மாவும் அழல" என்றார். வேறொன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அதற்கடுத்த நாள்களில் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அக்கா தங்கைகளை அழைத்துக்கொண்டு. இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசி நாள் தலைவர் வந்தார். படிக்கட்டில் இருந்த கூட்டத்தைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

மண்டபம் திறந்தது. தலைவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இந்த வருஷம் பெரிய நாடகமே அந்தச் சாவு வீட்டுக் கததான். கொஞ்சம் மாத்திக்குவோம். பிணம் எந்திரிச்சுப் பேசுது, குடிகாரக் கூட்டாளி ஒருத்தன் வர்றான். கடைசில அந்தப் பொண்ணு அழணும்."

"அவங்க அழல தலைவரே. அதான் கதையே."

"அழாம விட்டா சனங்க வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போவாங்க?"

நான் தம்பியைப் பார்த்தேன். செட்டு வேண்டாம், டான்ஸ் வேண்டாம் என்று வாதாடியவர் அவர்தானே. அவர் தன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மாடில எத்தன பேரு பாத்தாங்க? அங்க ஊரே பாக்கும். மொதல்ல சிரிக்க வெச்சாத்தான் உள்ள இருக்கறது போய்ச் சேரும்."

"பிணமா யாரு நடிக்கிறா?"

தலைவர்தான் சொன்னார், "தம்பிதான். அவன விட்டா யாரு?"

இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். குழுவில் போட்ட நாடகம் குழுவுக்குத்தான் சொந்தம் என்று தலைவர் மெதுவாகவே சொன்னார். அவர் என்றைக்கும் குரலை உயர்த்தியவரல்ல. அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக எடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆசிரியை சில நாள் பழகிப் பார்த்தார். புதிதாகச் சேர்த்த கடைசி வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை என்று நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு நல்ல குரல் வளமுள்ள ஒருவர் வந்தார்.

நான் போவதாக இல்லை. அம்மாதான் கேட்டார். தாமானில் எல்லாரும் போகிறார்களாம், மண்டபத்தில் படியேற வேண்டியதில்லையாம். நாடகத்தை மாற்றிவிட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "அதனால என்ன, பொழுது போவும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அழைத்துப்போனேன். என் அம்மாவை நானே அழைத்துப்போனேன்.

மேடையில் ஓர் உண்மையான பாடை இருந்தது, பூவெல்லாம் போட்டு. மனைவி நிமிர்ந்து, "யாராச்சும் எனக்கு ஒரு தே-ஓ போட்டுக் குடுங்க" என்றதும், பிணமாகக் கிடந்த தம்பி சடக்கென்று எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒன்னு, கூராங் மானிஸ்லா. எனக்கு இனிப்பு நீரு" என்றார். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அந்த வசனம் வேடிக்கையானதுதான். சர்க்கரை குறைவாகக் கேட்கும் பிணம். வேறு யாருடைய அப்பாவாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பக்கத்தில் இருந்த அம்மாவை என்னால் கண்ணெடுத்துப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தேன்.

முடிவில் மனைவி பாடைமேல் விழுந்து, அடித்தாலும் நீங்கள்தானே எனக்குத் தெய்வம் என்று கதறினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். மாடிக்கு வந்து பார்த்த பெண்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

அம்மாவோடு காரில் வீடு திரும்பினேன். சிக்னலில் நின்றபோது சொன்னார், "எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க."

"ம்."

"அன்னிக்கு எனக்கு நெசமாவே தாகமா இருந்துச்சும்மா. காலைலேர்ந்து ஒன்னும் குடிக்கல. அதான் கேட்டேன்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பது தெரிந்தது. வீடு வரும்வரை அம்மா சன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அதன் பிறகு அந்த நாடகத்தைப் பற்றியோ அந்த நாளைப் பற்றியோ அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அந்த நாடகத்தை இன்னும் போடுகிறார்கள். தங்காக் வரைக்கும் கொண்டுபோனார்கள் என்று கேள்வி. பிணம் எழுந்து பேசும் காட்சியை யாரோ படம்பிடித்துப் போட்டு, அது கைப்பேசி கைப்பேசியாகப் பரவி, கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் பெண் என்னிடமே காட்டிச் சிரித்தாள். மாடி அறையை இப்போது டியூஷன் வகுப்புக்கு விட்டிருக்கிறார்கள். சின்ன நாடகங்கள் அந்த ஒரு வருடத்தோடு சரி. நான் குழுவில் இல்லை. பாலர் பள்ளி ஆசிரியையும் இல்லை. சிரம்பானுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் தம்பி அழைத்தார். நலம் விசாரித்தார். அம்மாவின் முட்டிவலிக்கு ஒரு தைலம் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, தலைவர் கேக்கச் சொன்னாரு. அந்த மாதிரி இன்னொன்னு எழுதிக் குடுங்களேன். பேரு பெருசாப் போடச் சொல்றேன். ஒங்க வீட்ல வேற கத இல்லாமயா போயிரும்?"

"இருக்கு" என்றேன். "நிறைய இருக்கு. ஒங்களுக்கு இல்ல."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முகப்பில் ஒரு நோயாளி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றதால் நான் அழைப்பைத் துண்டித்தேன்.