கீரையைப் பட்டினி போட்டவர்

தொட்டி நீரில் உர உப்பைக் கலக்குவது அவர் வேலை. ஆகவே எல்லோருக்கும் அவர் உப்புக்காரர். மண்ணே இல்லாத பசுமைக் கூடாரத்தில், ஓடும் நீரில் வேரை நனைத்துக் கீரை வளர்ப்பவர் அவருடைய அக்கா. உப்புக்காரர் அளவில் கறார். ஆனால், வாடிய முகத்தைப் பார்த்தால் அளவு மறந்துவிடும்.

உர உப்பிலிருந்து ஏறும் நைட்ரேட் இலையில் அதிகம், தின்பவர்களுக்கு ஆகாது என்று கீரை வாங்கும் நிறுவனம் ஏற்கெனவே ஒரு லோடைத் திருப்பிவிட்டிருந்தது. இன்னொன்றும் திரும்பினால் கூடாரத்துக்குப் பூட்டுதான். உப்புக்காரர் தொட்டியில் நைட்ரேட்டை அடியோடு குறைத்தார். இலை வெளுத்தது. அறுவடைக்கு முந்தின நாள் அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரே ஒரு கரண்டி நைட்ரேட் உப்பைப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் இலையைக் கசக்கி, சாற்றை, நைட்ரேட் கூடக் கூட நிறம் அடரும் சோதனைத் தாளில் விட்டார். தாள் முன்னைவிட அடர்ந்த கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.

“குறைச்சா ஏறுதுக்கா!”

“யார்கிட்ட கதை விடுற? நேத்து என்ன ஊட்டின?”

“ஒரு கரண்டி... வெளுத்துப் போய் நின்னுச்சு, பாவம்.”

“பாவம் பாக்க அது என்ன உன் மச்சானாடா?”

பசித்த வேர் தன் வாசல்களையெல்லாம் திறந்துவைத்துக் காத்திருக்கும்; வயிறு நிறைந்த வேர் வேண்டாமென்று ஒதுக்குவதையும் அது வாரி இழுத்துவிடும். இழுத்ததைப் புரதமாக்க வெளிச்சம் வேண்டும். நேற்றோ முழுக்க மேகமூட்டம். செலவழிக்க வழியில்லாத இலை எல்லாவற்றையும் உள்ளேயே பதுக்கிக்கொண்டது. உப்புக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. பட்டினி கிடந்தவனுக்குத் தொந்தி எப்படி வந்தது என்பதே அவருடைய திகைப்பு.

கோபத்தில் தொட்டியைக் காலிசெய்து வெறும் தண்ணீரை நிரப்பினார். லாரி வந்த பிறகுதான் அறுப்பு. லாரியோ வழியில் பஞ்சர். பளீரென்று வெயில் வேறு அடித்தது.

லாரி சாயங்காலம்தான் வந்தது. கூடவே வந்த நிறுவனத்துப் பெண் இலையைச் சோதித்தாள். தாள் லேசாகச் சிவந்ததோடு சரி.

“நல்லா இருக்கு. ஏத்துங்க. அடுத்த லோடும் இதே மாதிரி வேணும்.”

அக்கா தம்பியை ஓரமாக இழுத்தாள். “என்னடா பண்ணின?”

“வெறும் தண்ணி விட்டேன். வெயில் அடிச்சுது. லாரி வரல.”

“இதுல எதுடா வேலை செஞ்சுது?”

உப்புக்காரர் தொட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் லாரியின் சக்கரத்தைப் பார்த்தார்.

“அடுத்த தடவையும் பஞ்சராக்கணுமாக்கா?”

அக்கா டிரைவரிடம் போனாள். “தம்பி, இனிமே சாயங்காலமே வாங்க.”

“ஏங்க்கா?”

“எனக்கென்ன தெரியும்? வாங்க, அவ்வளவுதான்.”