தாங்குதிறன்

மீள்குடியேற்றம் முடிந்த கையோடு, மன்னாரில் 'மக்களை மையப்படுத்திய நகரம்' பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். காலநிலை எப்படி மாறினாலும் நகரம் தாக்குப்பிடிக்க வேண்டுமாம். அதற்கான ஆங்கிலச் சொல்லைத் 'தாங்குதிறன்' என்று தமிழாக்கியவன் நான். அதில் எனக்குப் பெருமை வேறு.

முன்வரிசையில் செபமாலை அணிந்த ஒரு பெண், இரண்டு காலையும் கதிரைக் கம்பியில் தூக்கி வைத்து, பையை மடியில் இறுக்கியபடி இருந்தார்.

"அக்கா, இஞ்ச வெள்ளம் வராது. காலைக் கீழ வையுங்கோ" என்றேன், பகிடியாக.

"வீட்டுத்திட்டம் தரேக்கையும் இப்பிடித்தான் சொன்னவை. பிறகு றோட்டை உசத்திப் போட்டவை. மழைத்தண்ணி ஓட வழியில்லாமல் என்ர குசினிக்குள்ள, அடுப்படியில நிக்குது. றோட்டுக்குக் கீழ ஒரு மதகு வைக்கச் சொல்லுங்கோ."

கூட்டத்தை நடத்த வந்திருந்த வெளிநாட்டு நிபுணரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, அந்த ஆங்கிலச் சொல்லையே சொல்லிப் பாராட்டி, அக்காவை அந்தக் கோலத்திலேயே படம் எடுத்தார்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"நீங்கள் நல்லாத் தாங்குறியளாம்."

"ஆர் தாங்கச் சொன்னது? மதகு வருமோ?"

கூட்டத்தின் அறிக்கை வந்தது. அட்டையில் கால் தூக்கிய அக்கா; கீழே கொட்டை எழுத்தில் என் சொல். மதகைத் தேடிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அங்கே 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் என் பெயர்தான் இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல்.