வெள்ளிமலையில் கை நனைத்தது

காலை 7.10. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக இருந்தது. தியாகதுருகத்திலிருந்து வந்த நானும் என் மனைவியின் தம்பி தனபாலும் ஏறி உட்கார்ந்தோம். என் மகளுக்குப் பார்த்திருந்த பையன் வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியர். அங்கேயே அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறார். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போயிற்று. நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதுதான் பாக்கி.

எனக்கு நான்கு வருடமாக நெஞ்செரிச்சல். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துப் புண் இல்லை என்றார். எண்ணெய்ப் பலகாரம், காரம், டீ வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள் என்றார். எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைப்பிடிப்பதில்தான் தகராறு. அன்றும் தனபால் வாங்கி வந்த இரண்டு வடையையும் டீயையும் மறுக்க மனம் வரவில்லை.

"அங்க போயி வியாதி கீதின்னு வாயத் தொறக்காத மாமா. பரம்பரையா வருதான்னு கேப்பாங்க" என்று எச்சரித்தான்.

8.20. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வடை தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்தது.

"இன்னாங்க, வாந்தியா? கவர் தரட்டா?" என்றார் கண்டக்டர்.

"வாந்தி இல்லீங்க. புளிச்ச தண்ணி ஏறிக்கினு வருது."

பின்சீட்டு அம்மாள் சோடா குடிக்கச் சொன்னார். கண்டக்டர் தலையாட்டினார். "சோடா வாணாங்க. காத்து ஜாஸ்தியாயி இன்னும் ஏறும். நானும் அவஸ்தப்பட்டுக்கினுதான் இருக்கேன். நிமிந்து ஒக்காந்து பெல்ட்டத் தளத்துங்க."

தளர்த்தினேன். உண்மையிலேயே கொஞ்சம் குறைந்தது.

9.30. வெள்ளிமலை. குளிர்காற்று முகத்தில் அடித்தது. இறங்கினால் மாப்பிள்ளைப் பையன் கைகூப்பி நிற்கிறார். பெல்ட் தளர்ந்த கால்சட்டையை ஒரு கை பிடித்திருந்ததால் ஒற்றைக் கையால்தான் வணக்கம் சொன்னேன். அவர் அதைக் கௌரவம் என்று எடுத்துக்கொண்டாரோ திமிர் என்று எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

12.30. பையன் வீட்டில் இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, மிளகு வறுவல், வடை, பாயசம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்க்கிறோம் என்று அர்த்தம். எனக்கோ வடையின் எரிச்சலே அடங்கவில்லை.

"எனக்கு சாப்பாடு வாணாங்க" என்றேன்.

தனபால் என் தொடையைக் கிள்ளினான். பையனின் அம்மா கரண்டியோடு நின்றார்.

"பொண்ணுக்கு இஷ்டம் இல்லீங்களா?" என்று பையன் மெல்லக் கேட்டார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. "பொண்ணுக்கு ரொம்ப இஷ்டம் தம்பி. எனக்குத்தான் நெஞ்சு எரியுது" என்று முழுக்கதையும் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எத்தினி வருசமா?"

"நாலு."

"எனக்கு ஆறுங்க." உள்ளே போய் மூடி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து வந்தார். சாமைக் கஞ்சி, நீர்மோர், காரமில்லாத சுரைக்காய்க் கூட்டு. "எனக்குன்னு தனியா ஆக்கி மறைச்சி வெச்சிருந்தேன். சீக்காளி மாமியாருன்னு பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு எங்கண்ணன் பயமுறுத்திட்டாரு."

இருவரும் அதைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். விருந்தைத் தனபாலும் பையனும் பார்த்துக்கொண்டார்கள்.

1.30. சாப்பிட்டதும் தனபால் பாயில் சாய்ந்தான். படுக்கக் கூடாத நாங்கள் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"ராத்திரிக்கு இன்னா பண்றீங்க?" என்றார் அம்மா.

"தலகாணி மூணு வெச்சிக்குவேன்."

"தலகாணி வெச்சா கழுத்துதாங்க வலிக்கும். கட்டில் தலமாட்டுக் காலுக்குச் செங்கல் வெக்கணும். டாக்டரு எனக்கு அப்படித்தான் சொன்னாரு."

நான் டாக்டர் எழுதிய மாத்திரையைச் சொன்னேன். அவருக்கும் அதே மாத்திரை. நேரம் போனதே தெரியவில்லை. நான்கரை மணி பஸ்ஸுக்குப் பையன்தான் வந்து கூப்பிட்டார்.

இரவு 7.40. தியாகதுருகம். வெள்ளிமலைக் குளிர் இங்கே துளியும் இல்லை. வீட்டில் எத்தனை அறை, தண்ணீர் வசதி உண்டா என்று மனைவி கேட்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. கஞ்சியைப் பற்றிச் சொன்னேன்.

"பொண்ணு குடுக்கப் போனீங்களா, வைத்தியத்துக்குப் போனீங்களா?" என்றாள்.

மகள் கதவோரம் நின்று, "அவங்கம்மா என்னப் பத்தி இன்னாப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

மூன்று மணி நேரம் பேசியதில் அவளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒன்ன ரொம்பப் புடிச்சிருக்குதாம்" என்றேன்.