மாடியில் வீசிய பல்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. முத்தியால்பேட்டையில் கீழ் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பல் விழுந்தது. முதல் பல். விழுந்த பல்லைக் கூரைமேல் வீசினால்தான் புதுப் பல் முளைக்கும் என்பார்கள். வாசலில் இறங்கி மாடியைப் பார்த்துக் கையை ஓங்கினேன். அவள் என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"அங்க போடாதப்பா. அது தாத்தா மாடி. தாத்தாவுக்கு மொளைச்சிடும்."

"அவருக்கு எப்படிம்மா மொளைக்கும்?"

"அவுருக்குத்தான் பல்லே இல்லியே. எடம் காலியா கீது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நம்ம மாடியில் போடு என்றாள். நமக்கு மாடி இல்லை என்றேன். அப்படியானால் வீடு கட்டுகிற வரைக்கும் பத்திரமாக வைத்திரு என்று, பல்லைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். தாத்தாவுக்குத் தெரியவே கூடாது, யாரிடமும் சொல்லாதே என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் அதை மாடியில் வீசிவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு பல்லுக்கு எத்தனை வருஷம் காவல் இருப்பது?

அன்றைக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கம்பெனி டீ நேரத்தில் இதைச் சொன்னேன். நான் அதிகம் பேசாதவன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. கூட வேலை செய்த எங்கள் தெருக்காரர் ஒருவர், அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் பல்செட் கட்டிக்கொண்டார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், வாசலில் நாலைந்து பேர். நடுவில் என் மகள். அவர் குனிந்து அவளிடம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, உன் பல்லுதான். எனக்கு மொளைச்சிடுச்சி. உனக்கு இனிமே மொளைக்காது."

அவளுக்கு அதுவரை புதுப் பல் எட்டிப் பார்க்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பிள்ளையை அழ வைத்துச் சிரிக்க இத்தனை பெரிய மனுஷர்களா? வீட்டுக்காரர் என்று பார்க்கவில்லை. சின்னப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது, வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

"இன்னாப்பா, நீ கம்பெனில சொல்லிச் சிரிச்ச கததான இது? நாங்க சிரிச்சா மட்டும் தப்பா?"

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என் பல்லு எங்கப்பா?"

பீரோவில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என் கண் மாடிக்குப் போனது. அவளும் மாடியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதமே பல் முளைத்தது. அம்மாவிடம் ஓடிப்போய் ஈ என்று காட்டினாள். பக்கத்தில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்காரர் இப்போது இல்லை. அவர்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. ஆனால் பெற்ற பிள்ளை நம்பிச் சொன்னதை நாலு பேர் சிரிக்கக் கொடுத்துவிட்டு வந்த ஆள்மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்த ஆளோடுதான் நான் தினமும் இருந்தாக வேண்டியிருக்கிறது.