மீந்த தண்ணீர்

இளம்பரிதி இறந்த அன்று அந்தூரியத்தில் ஒன்பது இலைகளும் இரண்டு சிவப்புப் பூக்களும் இருந்தன. எட்டு மாதம் கழித்து பிரிசில்லா எண்ணிப் பார்த்தபோது மூன்று இலைகள். அவற்றின் ஓரங்களும் பீடி வைத்துச் சுட்டதுபோலக் கருகியிருந்தன.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் டேபிள் வேலை. பத்தொன்பது வருஷம். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தைக் கையில் வாங்கி, தையல் விட்டிருக்கிறதா, வலதும் இடதும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். நல்லது ஒரு பக்கம், பழுது ஒரு பக்கம். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு தோலில் கடுகளவு இருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அவன் இறந்த அன்று காலையும் அதே வேலையாகத்தான் இருந்தாள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டு, "அக்கா, வீட்டுக்குக் கிளம்புங்க. உங்க வீட்டுக்காரருக்கு முடியலையாம்" என்றான். அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கையிலிருந்த ஜோடியைப் பார்த்து முடித்து, நல்ல பக்கத்தில் அடுக்கிவிட்டுத்தான் எழுந்தாள். வீட்டில், கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்த மனிதன் அப்படியே சரிந்திருந்தான். நெஞ்சுவலி. ஒரு பக்கக் கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்திருந்தது. அவள்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

அழுகை வரவில்லை. காட்பாடியிலிருந்து வந்த நாத்தனார் மரியம்மாள் தரையில் விழுந்து புரண்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம், "ஜோடிய முடிச்சு வச்சுட்டு வந்தாளாம். ஒரு சொட்டு வருதா பாரு. கல்லு" என்றாள். பிரிசில்லாவின் காதில் அது பக்கத்துத் தெரு மைக்கில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல விழுந்தது. துக்கம் வந்திருந்தால் அதை எங்கே உட்கார வைப்பது என்றாவது யோசித்திருப்பாள். அது வரவே இல்லை. மூன்றாம் நாள் கல்லறையில் பூ வைத்தாள். பதினோராம் நாள் கம்பெனி பஸ் ஏறினாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை இருவரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆன அன்று ஏலகிரி மலைக்குப் போனபோதுதான் இளம்பரிதி அந்தச் செடியை வாங்கினான். பஸ்ஸில் இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், குழந்தைக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டதற்குச் சிரித்தான். வீட்டில் சமையலறை ஜன்னலோரம் அதற்கு இடமானது.

அவன் ஒரு தோல் கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். வேலை முடிந்து வந்ததும் டிபன் பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்து, அதிலிருக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவான். தினமும் இதே கதை.

"கம்பெனில தண்ணியே குடிக்க மாட்டீங்களா?" என்பாள் பிரிசில்லா.

"மீந்துடுச்சு" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

அவன் போன பிறகு இருபது லிட்டர் கேனை மாடிக்குத் தூக்க ஆளில்லை. போர்வெல் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஃபில்டர் மெஷின் வாங்கி மாட்டினாள். ஒரு குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும். இன்னொரு குழாயில் மீந்த தண்ணீர் பக்கெட்டில் விழும். அந்தத் தெருவில் யாரும் அதை வீணாக்க மாட்டார்கள். வீடு துடைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். ஊர் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் போர் தண்ணீரை அவள் செடிப் பக்கமே கொண்டுபோகவில்லை. மெஷினிலிருந்து வருவதுதானே, நல்ல தண்ணீர் என்று காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர் ஊற்றினாள். அவனும் மீந்ததைத்தான் ஊற்றினான், அவளும் மீந்ததை ஊற்றினாள்.

இலைகள் ஒவ்வொன்றாகக் கருகின. வெயிலில் வைத்தாள், நிழலுக்கு மாற்றினாள். இரண்டு டம்ளரை மூன்றாக்கினாள். ஒரே டேபிளில் வேலை செய்யும் சைரா சொன்னதைக் கேட்டு டீத்தூள் போட்டாள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள்.

"இன்னும் இன்னா பாக்கி?" என்றாள் சைரா. "பிரியாணிதான் போடல. பேசாம தூக்கிப் போட்டுட்டு ஒரு கத்தாழை வைங்க அக்கா. அது நம்மள மாதிரி. எதுவும் கேக்காது."

பிரிசில்லா சிரித்தாள். இப்போதெல்லாம் அப்படிச் சிரிப்பதும் அவளுக்கு வேலை மாதிரிதான்.

மார்ச் கடைசியில் மரியம்மாள் வந்தாள். ஜன்னலோரம் போய் நின்று, தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என் தம்பி மடியில வச்சுக் கொண்டாந்த செடி இது. எங்க காட்பாடி வீட்ல தண்ணி நல்லா வருது. ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். கொடுத்துடு."

"நான் பாத்துக்குறேன் அண்ணி."

"பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே. உன்கிட்ட இருந்தா இதுவும் போயிடும்."

இதுவும் என்றாளே, அது பிரிசில்லாவுக்குக் கேட்டது. வலிக்கவில்லை. ஆனால் கொடுக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எட்டு மாதத்தில் அவளுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருள் அந்தக் கருகிய செடி. இன்னும் நான்கு ஞாயிறு இருந்தது.

முதல் ஞாயிறு மஹபூப் பாஷா படியேறி வந்தார். இளம்பரிதியோடு இருபது வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தவர். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் வரும். அதை உதறி எடுப்பது அவர் வேலை. கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார்.

"லாக்கரெல்லாம் மாத்துறாங்கம்மா. பரிதியோடத நான்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

பையில் ஒரு துண்டு, ஒரு சீப்பு, நீல பாட்டில். டீ கொடுக்க உள்ளே போனவளோடு பேசிக்கொண்டே சமையலறை வாசல்வரை வந்தவர், செடியைக் கண்டதும் நின்றார்.

"அதானா இது? அட பாவமே. தண்ணிக்கு இன்னாம்மா பண்ற?"

"ஃபில்டர் தண்ணிதான் பாய், ஊத்துறேன்."

"குடிக்கிறதா? பக்கெட்ல விழுறதா?"

"பக்கெட்ல விழுறது."

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை அவர் நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு என்று நினைத்து அவள் வாரம் ஒருமுறை துடைக்கிற வெள்ளை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"முப்பது வருஷமா உப்பு உதறுற ஆளு நானு. எனக்குத் தெரியாதா? உன் மெஷினு நல்ல தண்ணிய உனக்குக் குடுத்துட்டு, உப்பு மொத்தத்தையும் பக்கெட்ல தள்ளுதும்மா. போர் தண்ணியவிட இது ஜாஸ்தி."

பிரிசில்லா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு ஜோடியில் ஒரு பழுதைத் தவறவிடாத கண்.

"அவரும் மீந்த தண்ணிதான் பாய் ஊத்துவாரு" என்றாள்.

"மீந்ததா? அப்பிடியா சொன்னான்?" பாஷா நீல பாட்டிலை எடுத்துத் தட்டினார். "பாய்லர்ல ஆவி போயிட்டுத் திரும்பி வர்ற பைப்பு ஒண்ணு இருக்கு. ஆவி குளுந்து தண்ணியாச் சொட்டும். அதுல உப்பே கிடையாது. கெட்ட தண்ணி விட்டா பாய்லர் ட்யூப் கெட்டுடும், செடிக்கும் அதே வியாதிதான்னு சொல்லுவான். மத்தியானம் புடிச்சு, ஆற வச்சு, சாயங்காலம் எடுத்துட்டு வருவான். கேட்ல வாச்மேன் தினம் கிண்டல் பண்ணுவான், இன்னா பரிதி, சம்சாரத்துக்குப் பன்னீரான்னு. ஆமாய்யா, வீட்ல சின்னப்புள்ள இருக்குதும்பான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. பாஷாவே எடுத்துக் குடித்தார். போகும்போது, மண்ணை மாற்றச் சொன்னார். ஏசியிலிருந்து சொட்டுவதும் அதே மாதிரி தண்ணீர்தான் என்றும் சொன்னார்.

அன்று மாலையே மண்ணை மாற்றினாள். வேர்களில் பாதி அழுகிப்போயிருந்தது. அதை நறுக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு, நல்ல வேரைத் திரும்ப நட்டாள்.

மறுநாள் முதல் நீல பாட்டில் கம்பெனிக்குப் போனது. மீட்டிங் ரூம் ஏசியின் பைப் பின்பக்கச் சுவரோரம் சொட்டும். சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலை அதன் கீழே வைப்பாள். வேலை முடிந்து எடுத்துக்கொள்வாள். சைரா பார்த்துவிட்டு, "அக்கா, ஏசி தண்ணி குடிச்சா குளுகுளுன்னு இருக்குமா?" என்றாள். அவளுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அதன்பிறகு சைராவும் தன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாவது வாரம் இன்னொரு இலை விழுந்தது. மூன்றாவது வாரம் இன்னொன்று. மிச்சம் ஒன்றே ஒன்று.

அந்த வாரத்தில் ஒருநாள் மீட்டிங் நடக்கவில்லை. ஏசியைத் தாமதமாகத்தான் போட்டிருந்தார்கள். பஸ் ஹாரன் அடித்தபோது பாட்டிலில் கால்வாசிகூட இல்லை. சைரா ஓடிவந்து, "அக்கா, வண்டி எடுக்கப் போறான்" என்றாள்.

"நீ போ."

பத்தொன்பது வருஷத்தில் அவள் விட்ட முதல் பஸ் அது. சுவரோரம் குந்தி உட்கார்ந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு கையால் பிடித்திருந்தாள். ஒவ்வொரு சொட்டும் விரல்மேல் பட்டுத்தான் உள்ளே இறங்கியது. சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தனக்குக் குளிர்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. பாட்டில் நிறைந்த பிறகு பைபாஸ்வரை நடந்துபோய் ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

சொன்ன ஞாயிறு மரியம்மாள் வந்தாள். தொட்டியை வைக்கப் பெரிய கட்டைப்பை ஒன்றும், சுற்றிக் கட்டப் பழைய சேலை ஒன்றும் கொண்டுவந்திருந்தாள்.

"ஒரு எலதான் இருக்குது" என்றாள்.

"அடியில பாருங்க அண்ணி."

மரியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அந்த ஒற்றை இலையின் காம்போரம், சுருட்டிய வெற்றிலைபோல, செம்பழுப்பில் ஒரு துளிர் சுண்டுவிரல் நீளத்துக்கு நின்றது.

"செடியத் தர முடியாது அண்ணி" என்றாள் பிரிசில்லா. "தப்பு பண்ணிட்டேன். உப்புத் தண்ணிய ஊத்திட்டேன். அவரு தினம் தண்ணி கொண்டாந்தாரு. எனக்குத் தெரியல."

"இன்னா தண்ணி? எங்கேருந்து?"

பிரிசில்லா நீல பாட்டிலை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பாய்லரைச் சொன்னாள். சொட்டுகிற பைப்பைச் சொன்னாள். வாச்மேன் கிண்டலைச் சொன்னாள். அதற்கு அவன் சொன்ன பதிலையும் குரல் மாறாமல்தான் சொன்னாள். சாயங்காலம் வந்து பாட்டிலைத் திறப்பான், தண்ணியே குடிக்க மாட்டீங்களா என்று நான் கேட்பேன், அதற்கு அவன்,

"மீந்து..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. இன்னொரு முறை ஆரம்பித்துப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை.

மரியம்மாள் கட்டைப்பையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாட்டிலை மார்போடு பிடித்தபடி, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள்.