ஊசிமுனையும் என் மகளின் விண்ணப்பமும்

என் மகள் ஜெபா நீட் தேர்வில் தேறிய வாரம், வீட்டில் சண்டைதான் நடந்தது. விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்வேன் என்றாள்.

"காய்ச்சலுக்கு மாத்திரை எழுதறதுக்கா கண்ணு இத்தனை படிப்பு? எலும்பு, இதயம்னு ஏதாச்சும் எடு. இல்லீன்னா அப்ளிகேஷனே போட வேண்டாம்."

"காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு மொதல்ல யாருங்கப்பா கேக்கறது?"

நான் பிடிவாதத்தை விடவில்லை. அவளும் விண்ணப்பத்தைத் தொடவில்லை.

அந்தத் திங்கள்கிழமை, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் குழந்தை உடுப்பு தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கி உடைந்தது. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். முனையைக் காணவில்லை. சொன்னால் தையல் லைனையே நிறுத்தி ஒவ்வொரு உடுப்பையும் சோதிப்பார்கள். அன்று சரக்கை முடித்தாக வேண்டும். பழைய ஊசியின் முனையை எடுத்து ஒட்டிவிட்டேன்.

அதோடு நிம்மதி போயிற்று. "ஆண்டவரே, அந்த முனை எந்தக் குழந்தையையும் குத்தக் கூடாது." மூன்று நாளும் இதுவே என் ஜெபம். யாரிடமும் சொல்லவில்லை.

விரல் வீங்கியது. புதன்கிழமை எலும்பு டாக்டரிடம், ஊசி லேசாகக் குத்தியது என்று மட்டும் சொன்னேன். மாத்திரை தந்தார். வியாழன் காலை கடுங்காய்ச்சல். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்புக் கோடு. ஜெபா என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே டாக்டரம்மா விரலில் ஊசி இறங்கிய தடத்தைப் பார்த்ததும், தொடும் முன்பே கேட்டார்.

"டெய்லருங்களாண்ணா? ஊசி உடைஞ்சுதுங்களா? முழுசாக் கெடச்சுதுங்களா?"

மகள் முன்னால் தலை குனிந்தேன். "இல்லீங்கம்மா. முனை கெடைக்கல. வேறொண்ண ஒட்டி ஏமாத்திட்டனுங்க."

"அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல எக்ஸ்ரே எடுங்க."

படத்தில் முனை தெரிந்தது. என் விரல் எலும்பை ஒட்டிக் கிடந்தது. எந்தக் குழந்தையின் உடுப்பிலும் அது இல்லை. அங்கேயே அழுதேன்.

அன்றே அரசு மருத்துவமனையில் அதை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் விரலே போயிருக்கும் என்றார்கள். எடுத்தவர் அறுவை நிபுணர்தான். ஆனால் கேட்டவர் டாக்டரம்மா.

வெள்ளிக்கிழமை, கட்டுப் போட்ட கையோடு ஜெபாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஸ்பெஷலிஸ்ட் ஆகலீன்னா பரவால்லீங்களாப்பா?"

"மொதல்ல அனுப்பு கண்ணு. நேரமாச்சு."

அனுப்பினாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை.

சகோதர சகோதரிகளே, சொல்லக் கூசுவதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். பிறகு ஒருவர் வந்து கேட்கும்போது மறைக்காதீர்கள். அது கர்த்தரே அனுப்பிய ஆளாக இருக்கும்.